புகார் நோட்டு

வுப்பர்டாலில், தொங்கும் ரயிலுக்குக் கீழே,
ஆற்றுக்கு முதுகு காட்டிய ஒரு பின்முற்றத்தில்
மரச்சீவல் குவியல் ஒன்று
ஜனவரியிலும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
அதன் வயிற்றுக்குள் இருநூறு மீட்டர் குழாய்.
குழாய் போய்ச் சேர்வது
பதினான்கு வீடுகள் பங்கிடும் சலவை அறைக்கு.
எண்ணெய் இல்லை, எரிவாயு இல்லை.
மக்குவதன் சூடு, அவ்வளவுதான்.

என் ஆய்வில் இதன் பெயர்
நேர்வு மூன்று.

முதல் நாள் கேள்வித்தாளோடு போனேன்.
கேள்வி ஒன்று: இதைக் கண்டுபிடித்தவர் யார்?
ஹைக்கே, டெஸ்ஃபாலெமைக் கைகாட்டினாள்.
டெஸ்ஃபாலெம், மாடியில் இருந்து
வாடகை பாக்கியோடு போன ஒருவனைச் சொன்னான்.
பெயர் யாருக்கும் நினைவில்லை. சிவப்புத் தொப்பி.
மிலோராட் மட்டும் நெஞ்சைத் தட்டிக்கொண்டான்:
"குழாயை ஓரத்தில் சுற்றச் சொன்னார்கள்.
காதில் சரியாக விழாமல் நடுவில் சுற்றினேன்.
ஓரத்தில் இருந்தால் முதல் குளிரிலேயே உறைந்திருக்கும்.
எழுதிக்கொள்ளுங்கள்."

எழுதிக்கொண்டேன்.
பிழை என்ற பத்தியிலா, புதுமை என்ற பத்தியிலா
என்பது இரண்டு மாதம் முடிவாகவில்லை.

பிறகு அவர்களுக்கென்று ஓர் அறிவுத் தளம் கட்டினேன்.
கடவுச்சொல், தேடல், நான்கு மொழி,
நாற்பத்தேழு குறிச்சொற்கள்.
ஏழு மாதத்தில் அதைத் திறந்தவர்கள் இரண்டு பேர்.
ஒருவர் நான்.
இன்னொருவர் என் நெறியாளர், தவறுதலாக.

நோட்டு கண்ணில் பட்டது அதற்கும் பிறகுதான்.
சலவை அறைக் கதவுக்குப் பின்னால்
சணல் கயிற்றில் தொங்கியது, கடித்த பென்சிலோடு.
அட்டையில் ஒரே சொல்: புகார்கள்.

செவ்வாய். வெறும் பச்சைத் தண்ணீர். யார் பொறுப்பு?
மழை பொறுப்பு. மூடியாச்சு.
வெள்ளி. கை வைக்க முடியவில்லை, குழந்தையின் ஸ்வெட்டர் சுருங்கிவிட்டது.
குதிரைச் சாணம் அதிகம். அடுத்த முறை பாதி.
பாதி போதாது.
போதும்.
போதாது என்று சொன்னேனே.
அழுகிய முட்டை நாற்றம்.
குவியலுக்கு மூச்சு முட்டுகிறது, காற்றுத் துளையைப் பாருங்கள்.
திருமதி லிண்ட்னர், உங்கள் காலுறை ஒன்று என்னிடம்.
டிக்ரின்யாவில் ஒரு நீளமான வரி.
அதற்குப் பதில், வட்டம் போட்டு: 43.

நான்கு குளிர்காலம்.
ஏச்சும் எதிர் ஏச்சுமாய் ஒரு முழுப் பாடநூல்.

ஏட்டுச் சுரைக்காய் என்று
என்னை நானே நொந்துகொள்ளப் போனேன்.
அவர்களுடையதும் ஏடுதான்.
ஆனால் அதில் சாணக் கறை இருந்தது,
இரண்டு பக்கங்களை ஒட்டவைத்தபடி ஒரு பூசணி விதை இருந்தது.

படி எடுக்க அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள்,
ராத்தங்க வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையோடு.
கிழிந்திருந்த ஒரு தாளைக் காட்டி
இதில் என்ன இருந்தது என்றேன்.
மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில்
மடிக்கவேண்டிய துணிகள் ஞாபகம் வந்தன.
தரவு இல்லை என்று குறித்தேன்.

மாநாட்டுக்கு விமானத்தில் போனேன்,
நீடித்த வாழ்வைப் பற்றிப் பேச.
முன்வரிசையில் ஒருவர் கேட்டார்:
இதைப் பெரிதாக்க முடியுமா?
முடியும் என்றேன், சில நிபந்தனைகளோடு.
பதினான்கு வீடு பதினைந்தானபோது
அந்தத் தாள் கிழிந்தது என்பது
என் ஊகம். அதைச் சொல்லவில்லை.

மார்ச்சில் நிதி முடிந்தது.
தளத்தை அணைத்துவிட்டார்கள்; யாரும் கவனிக்கவில்லை.
கடைசி நாள் என் போர்வையை அங்கேதான் துவைத்தேன்.
தண்ணீர் சரியில்லை.
பென்சிலை எடுத்து, யோசிக்காமல்,
தமிழிலேயே எழுதியிருக்கிறேன்:
வியாழன். வெதுவெதுப்புதான். நுரை போகவில்லை.

பத்து நாள் கழித்து ஹைக்கே ஒரு படம் அனுப்பினாள்.
என் வரிக்குக் கீழே, யாருடையதென்று தெரியாத கையெழுத்தில்:
என்னவென்று படிக்கத் தெரியவில்லை.
புதுச் சீவல் நான்கு வண்டி போட்டாச்சு.
இப்போது எப்படி?