மூன்றெழுத்து அதிகம்

பெட்டியை உடைத்தாயிற்று.
இனி மாற்ற முடியாதென்று
பில்லின் அடியில் எறும்பெழுத்தில் இருக்கிறது.
இலவசப் பையில் கடையின் பெயர் மட்டும்
பஸ்ஸுக்கே தெரியும் பருமனில்.

பம்பலப்பிட்டியில், மூன்றாம் மாடியில்,
இரண்டையும் அருகருகே திறந்து வைத்தான்
அந்தக் கடைப் பெடியன்.
ஒரே உயரம், ஒரே சாம்பல் நிறம்.
ஒன்றின் முதுகில் மட்டும்
மூன்று ஆங்கில எழுத்து அதிகம்.
அதற்கு எண்பத்து நாலாயிரம் ரூபாய்.
எழுத்துக்கு இருபத்தெட்டாயிரம்.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
பக்கத்துக்கு எழுநூற்றைம்பது வாங்குகிறவள்.
நின்ற நிலையிலேயே வகுத்துப் பார்த்தேன்:
நூற்றுப் பன்னிரண்டு பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள்.
நூற்றுப் பன்னிரண்டு பேர்
என் மேசையில் இன்னொருமுறை பிறக்க வேண்டும்,
அந்த மூன்றெழுத்துக்காக.

"சாதாரணது போதும்" என்றேன்.
சாதாரணது என்று அவன் சொல்லவில்லை,
'ஸ்டாண்டர்ட், மிஸ்' என்று திருத்தினான்.

வாங்கும்வரை விலை மட்டும்தான் கேட்டேன்.
வாங்கிய இரவில்தான்
வித்தியாசம் கேட்கத் தொடங்கினேன்.

வெள்ளவத்தையில் கடைசி ரயிலும் போய்விட்டது.
கடன் தவணைக் கடதாசியின் பின்புறத்தில்
நடுவே ஒரு கோடு கிழித்தேன்.
அதற்குப் பதினாறு, இதற்கு எட்டு.
அதற்குப் பத்து மணித்தியாலம், இதற்கு ஆறு,
அதுவும் கம்பனி சொல்கிற ஆறு.
அதன் திரை வெயிலிலும் தெரியுமாம்.
வெயிலில் இருந்து நான் எப்போது வேலை செய்தேன்?
ஆனாலும் அந்த நேரம்,
இரவு பன்னிரண்டே காலுக்கு,
எனக்கொரு வெயில் வேண்டும்போல் இருந்தது.

புதுக்கடையில் என் பக்கத்து மேசை நுஸ்கி
போன மாதம் ப்ரோ வாங்கியிருந்தார்.
மூடியைத் துடைக்கவே தனியாக ஒரு துணி.
என்னுடையதைக் கண்டதும் கதிரையை இழுத்துவந்தார்.
"ஒங்கடதுலயும் இதெல்லாம் ஓடுதா?"

ஒரே பொலிஸ் முறைப்பாட்டை
இரண்டிலும் ஒன்றாய்த் திறந்தோம்.
ஒரே நேரத்தில் திறந்தது.
மறுபடி திறந்தோம்.
மறுபடியும் அப்படியே.
அவர் முகம் கொஞ்சம் இறங்கியது.
என் முகத்தில் ஒரு சந்தோஷம் ஏறியது.
நல்ல சந்தோஷம் என்று சொல்லமாட்டேன்.
துணியை மடித்து லாச்சிக்குள் வைத்தார்.

அப்போதுதான் தெரிந்தது:
அவரும் இரவிரவாய்க் கோடு கிழிக்கிறவர்.
அவருடைய கடதாசியில்
என் பக்கம்தான் வெல்லுகிறது.

பின்னேரம் கரண்ட் போயிற்று.
எங்கள் அறை சந்துக்குள்ளே,
மத்தியானத்திலும் இருட்டுகிற அறை.
கையில் ஒரு பழைய காணி உறுதி,
வெளிறிய மை, நொத்தாரிசின் கோணல் எழுத்து.
ஆறு மணித்தியாலம் என்றது
மூன்றரையிலேயே மூச்சு வாங்கியது.
திரையை மங்கலாக்கி, இன்னும் மங்கலாக்கி,
விசைகளில் நான் ஒட்டிய தமிழ் எழுத்துகளும்
ஒவ்வொன்றாய் மறைந்தன.
ழகரம் எங்கே என்று விரல் தடவியது.

நுஸ்கி ஒன்றும் சொல்லவில்லை.
வெயிலிலும் தெரிகிற அந்தத் திரையை
என் மேசைப் பக்கம் ஒரு சாண் திருப்பினார்.
உறுதியின் வடக்கெல்லை தெரிந்தது:
வேலியும் செல்லையாவின் காணியும்.
கிழக்கே ஒழுங்கை.
கரண்ட் வரும்வரை
அந்த எண்பத்து நாலாயிரத்தில்
நானும் ஒரு மூலையில் இருந்து தட்டச்சு செய்தேன்.

இதோடு மனம் ஆறியிருக்க வேண்டும்.
ஆறவில்லை.
வீட்டுக்கு வந்து தேநீரும் போடாமல்
மீண்டும் அந்தக் கடதாசியை எடுத்தேன்.

ஒன்றை விட்டுவிட்டிருக்கிறேன்.
ப்ரோவில் நினைவகத்தைப் பலகையோடு ஒட்டிவிட்டார்களாம்,
பிறகு எதுவும் கூட்ட ஏலாது.
என்னுடையதில், அடிமூடிக்குக் கீழே,
ஒரு செருகிடம் சும்மா கிடக்கிறது.

அதில் போடுவது என்ன விலை என்று
நாளைக்குக் கேட்கலாம்.
இன்றைக்கு அது காலியாகவே இருக்கட்டும்.