ஆற்றின் பெயர்

படிவத்தின் ஏழாம் வரி
ஆற்றின் பெயரைக் கேட்கிறது.

வேறேதோ நகரத்துக்கு அச்சடித்த படிவம்.
எங்களிடம் ஆறு என்று சொல்ல ஒன்றுதான்:
மாரிக்கு வந்து, தை பிறக்கக் களைத்து,
மற்ற மாதமெல்லாம் மாடு மேய
மடியை விரித்துக் கிடக்கும் வழுக்கியாறு.
அதுவும் நகரத்துக்குள் வருவதில்லை.
இங்கே இருப்பது கடல்நீரேரி.
முழங்கால் ஆழம்,
மத்தியானத்தில் ஈயம்,
பொழுது சாய
பெயரில்லாத ஒரு நிறம்.

ஏழை விட்டுவிட்டு எட்டுக்குப் போனேன்.
நீளம்.

நீளத்தை நடந்துதான் எழுதலாம்.
நாடாவின் மறுமுனை றெஜியின் கையில்.
ஐம்பது மீற்றருக்கு ஒருக்கால்
"சரி மிஸ்" என்று கத்துவான்.
அவன் குரலும் ஒரு அளவுதான்,
காற்று எந்தப் பக்கம் என்று அதில் தெரியும்.

முதல் பூங்காவில்
ஊஞ்சல் சட்டம் நிற்கிறது, ஊஞ்சல் இல்லை.
யாரோ அதில் வலை கொழுவிப்
பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
வலைக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை,
அந்தப் பக்கம் ஒரு பிள்ளை,
கண்ணிக்குள்ளால் விரலைப் பிடித்து
விளையாட்டு.
'திருத்தவேண்டும்' என்று எழுதினேன்.
எதை என்று எழுதவில்லை.

இரண்டாவது பூங்கா
ஆறு மணிக்குப் பூட்டு.
வெயில் இறங்கி மனுசர் வெளிக்கிடும் நேரம்
திறப்பு காவலாளியின் இடுப்பில் ஏறிவிடும்.
பெடியள் மதில் பாய்கிறார்கள்.
ஒரே இடத்தில் பாய்ந்து பாய்ந்து
அந்தக் கல் மட்டும் வழவழவென்று
தேய்ந்து கிடக்கிறது.
கையை வைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது.
அங்கேயே படலை வைக்கச் சொல்லிப்
புள்ளடி போட்டேன்.

பிறகு முள்ளுக்கம்பி.
நாடா நின்றுவிட்டது.
காவலரணில் இருந்தவன் எங்கள் நாடாவைப் பார்த்தான்.
நாங்கள் அவன் சப்பாத்தைப் பார்த்தோம்.
றோட்டால் சுற்றிப் போகும்போது
தூண்களை எண்ணினேன்:
எழுபத்தொரு தூண், எழுபது இடைவெளி,
இடைவெளிக்கு மூன்று மீற்றர்.
ஒரு கொக்கு மட்டும்
கம்பிக்கு அங்காலும் இங்காலும்
நடந்து திரிந்தது,
அனுமதிக் கடிதம் ஏதும் இல்லாமல்.

கடைசித் துண்டில் கருவாட்டுப் பரண்கள்.
பிலோமினா எழும்பவில்லை.
இருந்த இடத்தில் இருந்தே கேட்டா:

"பாதை வந்தா நாங்கள் எங்கை காயப்போடுறது?
நடக்க வாறவை முதல்ல மூக்கைப் பொத்துவினம்,
பேந்து பெட்டிசம் எழுதுவினம்,
அதுக்குப் பேந்து எங்களை எழும்பச் சொல்லுவினம்."

பாதை உங்களைச் சுற்றிப் போகும் என்றேன்.

"எழுதித் தருவீங்களோ?"

றெஜி காலால் சிப்பி கிண்டிக்கொண்டு நின்றான்.
எழுதித் தரும் அதிகாரம் எனக்கில்லை.
வளைவு கீறும் அதிகாரம் உண்டு.
படத்தை அவவின் பரணில் விரித்து,
பென்சிலை வைத்துவிட்டுப்
பேனையால் கீறினேன்.
மேலே இருப்பவர் ஒரு நாள்
அடிமட்டம் வைத்து நேராக்கக்கூடும்.
நேராக்கினால் மை தெரியும்.
அவ்வளவுதான் என்னால்.

அவ குனிந்து பார்த்தா.
"இதிலை ஒரு தண்ணிக் குழாயும் போடுங்கோ.
நடக்கிறவைக்கும் விடாய்க்கும்தானே."
போட்டேன்.
"லைற்?"
போட்டேன்.
"வாங்கு வேண்டாம்.
வாங்கு வைச்சா ஆம்பிளையள் வந்து குந்துவினம்."
றெஜி சிரித்தான்.
கீறியிருந்த வாங்கை
நான் வெட்டிவிட்டேன்.

இரவு, மேசையில்,
எட்டாம் வரியை நிரப்பினேன்:
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது மீற்றர்,
அதில் இருநூற்றுப் பத்து
கண்ணால் அளந்தது.

ஏழாம் வரியில்
ஒரு மீன்செதில் ஒட்டியிருந்தது.
நகத்தால் சுரண்டினேன்.
கடதாசிதான் கிழியப் பார்த்தது.

அப்படியே கையெழுத்து வைத்து
உறையில் போட்டேன்.