பகடைக்குத் தெரியாது

பதினோரு கிராமங்களில் கேட்டாயிற்று.
எனக்கே மனப்பாடம்.
நான் ஓட்டுநர். துறையின் ஜீப்பை ஓட்டுவேன்,
படம் காட்டும் பெட்டியைச் சுமப்பேன்,
அவள் நன்றி சொல்லத் தொடங்கும்போதே
போய் எஞ்சினைச் சூடாக்குவேன்.

நெஸ்டான் கெட்டிக்காரி.
இடுப்பில் கயிறு கட்டிப் பனியாற்றில் இறங்கி
உச்சி ஏரியின் ஆழம் அளந்தவள்.
மேடை ஏறினால் மட்டும்
அவள் வாய்க்குள் ஓர் அரசு அலுவலகம் திறந்துவிடும்.
"நூற்றாண்டு வெள்ளம்" என்பாள்.
"மீள்நிகழ்வுக் காலம்" என்பாள்.
சுவரில் ஒரு கோடு ஏறும், இறங்கும்.
முன்வரிசை மரியாதைக்குத் தலையாட்டும்.
பின்வரிசை கதவுப் பக்கம் கரையும்.

பன்னிரண்டாவது ஊர் முகேலி.
காக்கசஸ் கைமுட்டியை மடக்கி வைத்திருக்கும் இடம்.
அக்டோபரிலேயே பள்ளிக்கூடத்தில் அடுப்பு எரிந்தது.
நாற்பது பேர். ஈரக் கம்பளி வாடை.
மூலையில் கோச்சாவும் மெராபியும்
கூட்டம் நடப்பதே தெரியாதவர்கள்போல
நார்டி ஆடிக்கொண்டிருந்தார்கள்.
பகடை பலகையில் விழும்போதெல்லாம்
நெஸ்டானின் வாக்கியம் கால் இடறியது.

சியாலா எழுந்தாள். ரொட்டிக் கடைக்காரி.
முழங்கைவரை மாவு.
"எண்பத்தேழிலேயே வந்துவிட்டதே உங்கள் வெள்ளம்!
என் மாமனாரின் மாவு மில்லை
மேல்கூரையோடு கொண்டுபோனது.
நூறு வருடத்துக்கு ஒன்று என்றால்
கணக்குப்படி இன்னும் அறுபது சொச்சம் பாக்கி.
ஆற்றோரம் புதுக்கடை போடலாமா, கூடாதா?
அதை மட்டும் சொல்லுங்கள்."

நெஸ்டான் அடுத்த படத்தைத் தட்டினாள்.
இன்னொரு கோடு.
அப்போது மின்சாரம் போனது.

அந்த ஊரில் அது செய்தியே இல்லை.
யாரோ மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.
இருட்டில் பகடை உருண்டது.
"துஷாஷி!" மெராபி கத்தினான். இரட்டை ஆறு.

அவள் மேடையிலிருந்து இறங்கினாள்.
நாற்காலிகளுக்கு இடையே தடவித் தடவி
ஆட்டப் பலகைக்கு வந்தாள்.
"இது எத்தனை வீச்சுக்கு ஒருமுறை விழும்?"
"சராசரியாய் முப்பத்தாறுக்கு ஒன்று."
கணக்கில் மூன்றுமுறை தோற்ற கோச்சா
யோசிக்கவே இல்லை.
"இப்போது விழுந்துவிட்டது.
அப்படியானால் இன்னும் முப்பத்தைந்து வீச்சுக்கு
மெராபிக்கு அது விழாது, இல்லையா?"

கூடமே சிரித்தது.
பட்டணத்துப் பெண், பாவம், என்பதுபோல
கோச்சா அவளைப் பார்த்தான்.
"போன தடவை என்ன விழுந்ததென்று
பகடைக்கு எப்படித் தெரியும்?"

சிரிப்பு கொஞ்ச தூரம் ஓடியது.
பிறகு ஒவ்வொருவராக நின்றார்கள்.
சியாலா மெல்ல உட்கார்ந்தாள்.
நாளெல்லாம் வெளியே இருந்த ஆற்றின் சத்தம்
அறைக்குள் வந்து
ஓர் இடம் பிடித்துக்கொண்டது.

அப்புறம்தான் கேள்விகள்.
சங்கு எந்தக் கம்பத்தில் கட்டுவீர்கள்?
காது கேளாத மாமுகாவை யார் எழுப்புவது?
மாடுகளை அவிழ்க்க நேரம் இருக்குமா?
"பதினெட்டு நிமிடம்" என்றாள்.
"ஆட்களுக்குப் போதும். மாடுகளுக்குப் போதாது."
எந்த வருடம் வரும் என்றான் ஒருவன்.
"தெரியாது" என்றாள்.
பன்னிரண்டு ஊர்களில்
அந்தச் சொல்லை அவள் சொல்லி நான் கேட்டதில்லை.
ஒருவரும் எழுந்து போகவில்லை.

எஞ்சின் குளிர்ந்தே கிடந்தது.

திரும்பும் வழியில் அவள் உள்ளங்கையில்
மெராபி கொடுத்த ஒரு பகடை.
"இனி அந்தப் பெட்டி வேண்டாம்" என்றேன், என் முதுகையும் நினைத்து.
"இது போதும்."

அவள் வெகுநேரம் பேசவில்லை.
"இதுவும் பாதிப் பொய்தான்.
பகடை மாறாது.
மேலே பனி உருகுகிறது.
ஒவ்வொரு கோடையும்
ஒன்று இருக்கும் பக்கத்தில்
ஒரு சொட்டு ஈயம் ஊற்றியதுபோல.
ஆறு மேலும் மேலும் மேலே விழும்.
அதை எப்படிச் சொல்வேன்?"

என்னிடம் கேட்டாளா, கண்ணாடியிடமா, தெரியவில்லை.
பாலம் வந்தது.
வழக்கமாக அங்கே நான்
வேகம் குறைப்பதில்லை.