அடுப்புச் சுவரின் மறுபக்கம்

நின்ற இதயத்தை மின்சாரத்தால் உலுக்கும் பெட்டியை
மஞ்சூரில் எங்கே மாட்டுவது என்று
மூன்று கூட்டம் போட்டோம்.

காவல் நிலையம் என்றார் ஒருவர்.
அங்கே நுழையத் தயங்கியே
பாதிப் பேர் போய்ச்சேர்வார்கள் என்றார் ஹனீபா.
சங்கக் கட்டடம் ஐந்து மணிக்குப் பூட்டிவிடும்.
கோயில் நடை உச்சிக்குச் சாத்திவிடும்.
நெஞ்சு நேரம் பார்த்தா நிற்கிறது?

தை மாத உறைபனியில் பேட்டரி விறைத்துவிடும் என்று
நர்ஸ் சகாயமேரி சொன்னபோதுதான்
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
விடிய விடிய வர்க்கி வேகும் என் பேக்கரி.
அதன் அடுப்புச் சுவரில் வெளியிலிருந்து கைவைத்தால்
காய்ச்சல்காரன் நெற்றி.
இரண்டு நாய்கள் வழக்கமாக அங்கேதான் படுக்கும்.
அவற்றுக்கு நாலடி மேலே துளை போட்டோம்.

பூட்டு வேண்டாம் என்று முடிவாயிற்று.
முதலில் திறந்தது குரங்கு.
மார்பில் ஒட்டும் பட்டையைத் தின்னப் பார்த்துத்
துப்பிவிட்டுப் போனது.
புதுப் பட்டைக்கு மறுபடி உண்டியல்.
இப்போது கொக்கியைத் திருகித் தூக்க வேண்டும்;
மனிதக் கட்டைவிரலுக்கு மட்டும் தெரிந்த வித்தை,
இதுவரை.

பயிற்சிக்கு ஒரு ரப்பர் உடம்பு வந்தது.
கை கால் இல்லை. வாய் திறந்தே இருந்தது.
சகாயமேரி அதற்கு பனியன், சட்டை, ஸ்வெட்டர்,
மேலே கோட்டு, கழுத்துக்கு மஃப்ளர் மாட்டிவிட்டாள்.
"இந்த ஊரில் யாரும் வெறும் மார்போடு விழமாட்டாங்க."
கத்தரியால் வெட்டி மார்பைத் தொட
எனக்கு நாற்பது விநாடி.

கொழுந்து பறிக்கும் தங்கேஸ்வரி எழுந்தாள்:
"விழுந்தது நானா இருந்தா
யார் வெட்டுவீங்க?"
ரப்பர் உடம்பைப் போல
எங்களுக்கும் வாய் திறந்தே இருந்தது.
மறுநாள் கொழுந்து கட்டும் படங்கு ஒன்றை
அவளே கொண்டுவந்தாள்.
"நாலு பேர் நாலு முனையைப் பிடிச்சுத் திரும்பி நில்லுங்க.
உள்ளே இருக்கிறவங்க வெட்டட்டும்,
ஆணோ பொண்ணோ."
பெட்டிக்குள் அது மடிந்து கிடக்கிறது,
தேயிலைக் கறையோடு.

ஊட்டி ஆம்புலன்ஸ் வந்துசேர
வளைவுகளைக் கேட்க வேண்டும்,
அப்புறம் மேகத்தை.
போன வருடம் நடத்துநர் போஜன்
டிக்கெட் பையை மடியில் வைத்தபடி
பேருந்துப் படியில் சாய்ந்தபோது
நாங்கள் சோடா வாங்க ஓடினோம்.
எண்ணிப் பார்த்ததில்
சில்லறை சரியாக இருந்தது.

பதினோரு மாதமாகப் பெட்டிக்கு வேலை இல்லை.
பச்சை விளக்கு சிமிட்டுகிறது.
மாவு பிசைய மூன்று மணிக்கு வரும்போது
முதலில் அதைப் பார்க்கிறேன்,
பிறகு சுவரில் உள்ளங்கையை வைக்கிறேன்.
நாய் ஒரு கண்ணைத் திறந்து
நான்தான் என்று தெரிந்ததும்
மூடிக்கொள்கிறது.