நெல்லூர் தாண்டினால்

எண்ணூர் நெடுஞ்சாலையில் நூறடிக்கு ஒரு பஞ்சர் கடை.
தேய்ந்த டயரை வேப்பங்கிளையில் கட்டித் தொங்கவிட்டு
வெள்ளைப் பெயின்டில் ‘இரவும் உண்டு’ என்று எழுதியிருப்பார்கள்.
கன்டெய்னர் கதவில் வெட்டியெறிந்த சீல் ஆணிகள்
ரோடெல்லாம் இறைந்து கிடக்கும் ஊர்.
ராத்திரி ரெண்டு மணிக்குப் போனாலும்
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
ஒருவர் பெஞ்சிலிருந்து எழுந்து வருவார்.
இங்கே பிறந்தவள் எவளும்
டயர் கழற்றத் தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை.

‘நெல்லூர் வரிக்கும் சரி,
அதுக்கப்புறம்?’ என்றவள் கௌசர்.

கொருக்குப்பேட்டைச் சந்தில், டியூப்லைட் கம்பத்தடியில்
சென்டர் ஸ்டாண்டில் நிற்கிறது வண்டி, பின்சக்கரம் இல்லாமல்.
கழற்றிய வரிசையிலேயே
பழைய நைட்டித் துணியில் வைத்திருக்கிறேன்:
நட்டு, வாஷர், புஷ், ஆக்ஸில்.
பூனை ஒன்று வந்து புஷ்ஷை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

ரெண்டு வண்டிக்குப் போட்ட பட்டியல் இது.
பம்பு அவளுக்கு, டியூப் எனக்கு.
மூன்று லீவரில் ரெண்டு அவள் பையில்.
மணலி திருப்பத்தில் எவனோ சிந்திவிட்டுப் போன டீசல்
அவள் மணிக்கட்டை முறித்தது;
பட்டியல் முழுக்க என் பக்கம் சாய்ந்தது.

ஆணியளவு கனத்தையும் இப்போது யோசிக்கிறேன்.
இருபத்துநாலாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும்,
அதன் கையை நீட்ட ஒன்றரை அடி ஜிஐ பைப்பும்.
திறந்த சொல்யூஷன் உள்ளேயே காய்ந்துபோகும்,
ஆகையால் திறக்காதது ரெண்டு.
உப்புத்தாளைப் பஸ் டிக்கெட் அளவுக்கு வெட்டியாயிற்று.
லாட்ஜில் எடுத்த சோப்பு, டயர் விளிம்பில் தடவ.
பவுடர் டப்பா
டியூபுக்குக் கொஞ்சம், எனக்குக் கொஞ்சம்.

கவிழ்த்த பெயின்ட் வாளிமேல் கௌசர்,
மடியில் மாவுக்கட்டு, இடது கையில் போன்.
‘ஆரம்பி’ என்றாள், ஓட்டப்பந்தய வாத்தியார் மாதிரி.

டயர் ரிம்மை விடவில்லை.
ஏறி நின்றேன். குதித்தேன்.
மாடி ஜன்னல் திறந்து தெய்வானை அக்கா
‘இன்னாம்மா இடிக்கிற, புள்ள முயிச்சிக்கப் போவுது’ என்றாள்.
இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டை டயர்மேல் ஊன்றி
வண்டியைச் சாய்த்தால் ஒரே அமுக்கில் இறங்கிவிடும்.
ரெண்டு பேர் போவதில் அது ஒரு வசதி.
‘உன் வண்டி அங்கதான நிக்குது’ என்றேன்.
‘அத்தத் தொடாத.
நெல்லூர் தாண்டி அது உன்கூட வராது.’

ரயில்வே கேட்டுப் பக்கம் டாங்கர் ரயில் ஒன்று
போய்க்கொண்டே இருந்தது.
அது போய் முடியும்வரை
எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லை.

கட்டில் பட்டறையில் வாங்கிய ஜி கிளாம்ப்பை மாட்டி
கால் சுற்று, இன்னொரு கால் சுற்று.
உள்ளங்கை சிவந்து எரியும்போது
பொட்டென்று உள்ளே விழுந்தது விளிம்பு.
வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பிக்கணும்,
விளிம்பை ரிம்மின் குழிக்குள் மிதித்தபடியே நெம்பணும்,
எல்லாம் சரியாகத்தான் செய்தேன்
கடைசி ஒரு சாண் வரை.
அங்கே பொறுமை விட்டது, லீவரை நிமிர்த்தி அமுக்கினேன்.

பதினைந்து அடி பம்பு.
உஸ்ஸென்றது புது டியூப்.

‘கெளம்பறதுக்கு முன்னாடியே பஞ்சர்,
அதுவும் நீயே போட்டது’ என்று கௌசர் சிரித்தாள்.
வலித்திருக்கும் போல, பாதியில் நிறுத்தினாள்.
வாளியைக் காலி செய்து எழுந்தாள்; அதில் தண்ணி பிடித்தேன்.
டியூபை முக்கி வளைத்துப் பிடித்தால்
ஓரத்திலிருந்து கடுகுக் கடுகாகக் குமிழி.
துடைத்து, உரசி, சொல்யூஷன் தடவி
விரலில் ஒட்டாத பதம் வரும்வரை ஊதினேன்.
பேட்சை வைத்ததும் ரெண்டு நிமிஷம் அழுத்தணும்.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.
மாவுக்கட்டைத் தூக்கி
ஒட்டிய இடத்தின்மேல் வைத்தாள், மொத்தக் கனத்தோடு.

‘வலிக்கலியா?’

‘பேசாத. எண்ணிக்கினு இருக்கேன்.’