கூரையில் ஓடும் கப்பல்

மார்ஸ்டல் ஊரின் பல் மருத்துவர் தோர்டிஸ்
கடைசி நோயாளி போனதும்
இடுக்கியைக் கழுவிக்கொண்டு வந்தாள்
இரண்டு முழக் கப்பலுக்கு.

தேன்மெழுகு தடவிய நூலில்
முந்நூற்றுப் பன்னிரண்டாவது முடிச்சு.
தும்மல் வந்தால்
சமையலறைக்குப் போய்த் தும்மினாள்.

தேநீரில் முக்கிய பாய்கள்
ஜன்னலில் காய்ந்துவிட்டன.
கட்டுமுன் ஒரு சந்தேகம்:
காற்று எந்தப் பக்கம்?
தேவாலயக் கூரைக்குள்
வாடையும் இல்லை, கொண்டலும் இல்லை.

"பீடத்தைப் பார்த்து ஓடினால் போதும்"
என்றார் பாதிரியார்.
அவள் மேல்காற்றுக்கே பாய் திருப்பினாள்.

டிசம்பரில் ஹீட்டர் போட்டார்கள்.
பிரசங்கத்தின் நடுவே
கம்பியில் மெல்லத் திரும்பி
வாசலைப் பார்த்து நின்றது கப்பல்.

எல்லோரும் அண்ணாந்தார்கள்.
முன்பாயில் ஒரு முடிச்சு
தலைகீழாக இருந்தது
தோர்டிஸுக்கு மட்டும்
தெரிந்தது.