ஒருமை

பவானிசாகர். மதியம் மூன்று மணி, கரண்டு இல்லை.
தாளில் தொடர்கிறோம்.
'இலைகள்' என்றிருந்ததை 'இலை' ஆக்கினேன்.
ஒருமைதான் விதி:
லட்சம் இலைக்கும் ஒரே இலை.

மஞ்சளில்தான் தகராறு.
கோபிக்காரர் வாயில் குண்டு,
ஈரோட்டு மண்டியில் கிழங்கு,
எங்கள் பட்டியலில் தாய்க்கிழங்கு.
"மண்டிக்காரனுக்கா எழுதறோம்?" சென்னியப்பன்.
"பின்னே ஆருக்குங்க?" மெகருன்னிசா.
குண்டையும் கிழங்கையும்
மறுபெயர் வரிசையில் உட்கார வைத்தோம்.
எண் மட்டும் மாறாது.

'மற்றவை' என்றொரு பெயர் கூடாது,
எட்டாம் விதி.
எழுதியவள் நான்.

இப்போது மேசையில்
சத்தியமங்கலத்து இலையொன்று.
கருகல் இல்லை, புள்ளி இல்லை,
ஓரம் மட்டும் செம்பு நிறம்.
எண் கொடுத்தாயிற்று.
பெயர்க் கட்டம் காலி.
மெகருன்னிசா பேனா மூடியைக் கடிக்கிறாள்.

கரண்டு வந்துவிட்டது.
யாரும் எழுந்திருக்கவில்லை.